சரிவின் அடி

கோட்டையூரில் நாற்பத்தொரு டிகிரி.
என் திரையில் மைனஸ் ஒன்று.
வாடகை மாடியறையில் உட்கார்ந்து
வடதுருவக் கடலின் தரையை
மவுஸால் தடவிக்கொண்டிருக்கிறேன்.
கோடு ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி.

எளிய வேலை என்றார்கள்.
கண்டச் சரிவு எங்கே முடிகிறதோ
அந்த அடியைக் கண்டுபிடி.
அங்கிருந்து அறுபது கடல்மைல்,
அல்லது வண்டல் மெலியும்வரை,
எது தொலைவோ அது எங்களுடையது.
முந்நூற்றைம்பதைத் தாண்டாதே.
தாண்டவும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறோம்.

எழுபத்தாறாம் பிரிவை ஏழு முறை படித்தேன்.
பனி என்ற சொல்லே அதில் இல்லை.

கடலுக்கடியில் ஒரு மலைத்தொடர்.
மூன்று நாடுகள் அதைத்
தங்கள் நிலத்தின் இயற்கையான நீட்சி என்கின்றன.
துருவத்தைத் துருவித் துருவிப் போய்
கொடியே நட்டு வந்திருக்கிறது ஒன்று,
துருப்பிடிக்காத உலோகத்தில்.
நான் யாருக்காக வரைகிறேன் என்பது
என் ஒப்பந்தத்தில் இல்லை.

மூன்றரைக்குக் கரண்ட் போனது.
கீழே இறங்கினால் கோர்ட் ஆள்.
அட்வகேட் கமிஷனர் தமயந்தி,
தேவகோட்டை பஸ்ஸின் வியர்வையோடு,
கைப்பையில் நூறடி டேப்போடு.
“தம்பி, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”

பதினொரு புள்ளி, ஒரு வளவு.
அறைக்கு அறை பூட்டு.
சாவிகள் வடபழனியில், டல்லாஸில்,
ஒன்று எங்கே என்றே தெரியாது.
முற்றம் மட்டும் எவர் பேருக்கும் எழுதாதது.
முப்பது வருஷம் யாரும் கேட்கவில்லை,
புறா எச்சத்தையும் எருக்கஞ்செடியையும்.
போன மாசியில் ஒரு சினிமா கம்பெனி
பத்து நாளைக்கு வாடகை பேசியது.
பங்குனி முடிவதற்குள்
பதினொரு வக்கீல் நோட்டீஸ்.

ராம. அண். சிதம்பரத்தின் மனுவை
அவர் உரக்கப் படித்தார்:
கீழ்வரிசைத் தூண்கள் ஆறும்
மனுதாரர் அறையின் இயற்கையான நீட்சி.
சிரித்துவிட்டேன். டேப் நழுவிச் சுருண்டது.
“என்ன தம்பி?”
“இதே வரியை மேலே பார்த்தேன் மேடம்.”
“மேலேன்னா?”
“ரொம்ப மேலே.”

முப்பத்தெட்டு அடி நாலு அங்குலம்.
“பொது” என்று எழுதினார்.
“பராமரிப்பவர்” என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்து,
ஒரு கோடு போட்டார்.
என்னிடம் கையெழுத்து கேட்டார்:
சாட்சி, ம. சவரிநாதன்,
மாடியில் குடியிருப்பவர், பங்கு இல்லை.

கரண்ட் வந்தது.
எல்லாக் கோடுகளுக்கும் அப்பால்
சாம்பல் நிறத்தில் ஒரு மிச்சம்.
மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்று
சட்டம் அதற்குப் பேர் வைத்திருக்கிறது.
நாலாயிரம் மீட்டர் ஆழம்.
பெருக்க ஆளில்லை,
வாடகை பேச மட்டும்
பனி கொஞ்சம் கொஞ்சமாக
வழி விட்டுக்கொண்டிருக்கிறது.

டேப்பின் துரு உள்ளங்கையில் இருந்தது.
என் கோட்டை எட்டு கிலோமீட்டர்
உள்ளே இழுத்தேன்.
சரிபார்ப்பவர் பிடித்துவிடுவார், தெரியும்.
கூலியும் குறையும்.

கீழேயிருந்து குரல்:
“தம்பி, சிதம்பரம் ஒத்துக்கலையாம்,
வடமேற்கு மூலையை மறுபடி அளக்கணும்!”

இறங்கிக்கொண்டே கேட்டேன்,
“எந்த அடியிலிருந்து மேடம்?”