களிம்பு

ஆலங்காயம் தாண்டி, ஜீப் ஏறாத ஓடையில்
பாறை பச்சை பூத்திருந்தது.
பாசி என்று தேய்த்தேன். போகவில்லை.
"புளி போட்டுத் தேய்க்கணும் சார்" என்றார்
துளைபோடும் இர்ஷாத்.

துரை தோண்டிய குழியில் காரைமுள்.
அறுபத்தெட்டில் இறக்கிய இரும்புக்குழாயில்
ஓணான்.

நாற்பது மீட்டர்வரை வெறும் நைஸ்,
பட்டை பட்டையாய், சொன்னதையே சொல்லிக்கொண்டு.
பிறகு விரல்தடிமனில் வெங்கச்சங்கல்;
அதில் கடுகுபோலச் சிதறிய பித்தளை மஞ்சள்.
எல்லோரும் குனிந்தோம்.
சென்றாயன் கல்மேல் தண்ணீர் ஊற்றினான்,
இன்னும் மின்னட்டும் என்று.

தங்கம், டன்னுக்கு அரை கிராம்.
குடியாத்தம் அடகுக்கடைத் தராசு
அதற்குத் தலையாட்டாது.

மழைக்குமுன் கூடாரம் பிரித்தோம்.
"மேலும் ஆராயத் தக்கது" என்று
அறிக்கையை முடித்தேன்.
பிறகுதான் பழைய கோப்புகளைத் தேடிப் பிரித்தேன்:
ஒன்று துரையின் சாய்வெழுத்து, ஒன்று தட்டச்சு.
கடைசி வரி
இரண்டிலும் அதுவே.