மூன்றாவது முடிச்சு

விச்சூர்.
மணலிச் சிம்னியின் நெருப்பு
குட்டைத் தண்ணீரில் தலைகீழாய் எரிகிறது.
டேங்கர் குழாயை இறக்கும் தேவசகாயத்திடம்
நட்டுவைத்த சவுக்குக் கம்பைக் காட்டுகிறாள் பவுனம்மாள்:
மூணாவது முடிச்சு தெரிஞ்சா மோட்டாரை நிறுத்திடு.

"முழு லோடுக்குக் காசு வாங்கினியே?"

"மிச்சத்தைத் திருப்பித் தர்றேன்.
அல்லி இலைமேல நாலு முட்டை.
தண்ணி வத்தினா நாய் நடந்தே போயிடும்.
கீரைக்குன்னு வெட்டின குட்டைதான்,
இன்னும் பன்னிரண்டு நாள் அதுங்களுக்கு."

நீண்ட வால்.
இலை அமிழாத விரல்கள்.
அடைகாப்பது ஆண்.

"பொட்டை எங்க?"

"அடுத்த குட்டைக்கு,
அடுத்த மாப்பிள்ளை பார்க்க."

சிரித்துவிட்டு
ஹாரனிலிருந்து கையை எடுக்கிறான்.
முக்கால் லோடு.
கொருக்குப்பேட்டையில் குடங்கள் வரிசையில் நிற்கும்.
அங்கே யாரிடம் சொல்வான்,
ஒரு தகப்பன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று.