முன்சக்கரம்

இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.
மெழுகு டப்பாவில் வைத்திருந்ததால்
நோட்டெல்லாம் லேசாகத் தேன் வாசம்.
இதற்குள் வண்டி, இதற்குள் டயர்,
இதற்குள்ளேயே பெயர்மாற்றம், எஃப்.சி.
தேரிக்குள் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும்.

போன பங்குனியில் வாடகை ஏஸ்
குட்டத்துக்கு மேற்கே செம்மணலில் புதைந்தது.
முருங்கைப் பூவுக்கு நான் ராவோடு ராவாக
ஏற்றிப்போன நாற்பது பெட்டி.
ஆள் கூட்டிவரப் போன டிரைவர்
விடிந்து வெகுநேரம் கழித்து வந்தான்.
அதற்குள் வெயில் வந்திருந்தது.
ஆறு பெட்டியில் அடை உருகி
ஈயெல்லாம் தன் தேனிலேயே கிடந்தது.

மேலப்பாளையத்து மெக்கானிக் சேக் மன்சூருக்கு
ஐந்நூறு ரூபாய், மதியம் பிரியாணி.
நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது
அவர் போட்ட கண்டிஷன்.
"ஒங்களுக்குப் புடிச்சிருக்குன்னு மொகத்துல தெரிஞ்சா
இருபதாயிரம் ஏறிரும்லா."

வண்ணார்பேட்டையில்
சிவப்பு ஜீப், யானைக்கால் டயர், விளக்கு மட்டும் எட்டு.
கியருக்குப் பக்கத்தில் குட்டிக் கம்பி,
தலையில் இரண்டு, நான்கு என்று எழுத்து.
தள்ளினால் நன்றாகவே விழுந்தது.
மன்சூர் சாக்கை விரித்து அடியில் போனார்.
சிரிப்பு மட்டும் முதலில் வெளியே வந்தது.
முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டே இல்லை,
எவனோ கழற்றி எடைக்குப் போட்டிருக்கிறான்.

பாளையங்கோட்டையில் ராணுவ ஏலத்து ஜிப்ஸி.
"பார்டர்ல ஓடுன வண்டி மேடம்."
கால்மிதியைத் தூக்கினேன்.
துருப்பிடித்த ஓட்டை வழியே
அவர் வீட்டு வாசல் கோலம் தெரிந்தது.
புள்ளியை எண்ணலாம்.
எண்ணினேன். வாயைத் திறக்கவில்லை.

களக்காட்டுக்குப் போய்ச்சேர மணி மூன்று.
பலவேசம் வாழைத்தார் ஏற்றிய பழைய மகேந்திரா,
நிறம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது.
மன்சூர் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.
சூடில்லை. நமக்காக முன்னமே கிளப்பி வைக்கவில்லை.
ஸ்குரூடிரைவர் கட்டையால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார்,
டங், டங், டங்.
வண்ணார்பேட்டையில் அது டொக் என்றது.

கேட்காமலே பலவேசம் சொன்னார்:
"மூணாம் கியர் ஒதறும்.
எடதுகைக் கதவு கயித்துலதான் நிக்கி.
வெளிய மழைன்னா உள்ளயும் மழை.
இஞ்சினுக்கு மட்டும் சத்தியம் பண்ணுவேன்."

"ஏன் விக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.
மன்சூர் என்னைப் பார்த்த பார்வையில்
இருபதாயிரம் போனது.

"முட்டி. கிளச்ச மிதிக்க முடியல."

பச்சையாற்று மணலில் ஓட்டிப் பார்க்க
அவரே இறங்கி முன்சக்கரத்து லாக்கைத் திருகினார்.
இடதுபக்கம் குனிந்தவர்
எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது.
பாவம் முட்டி என்று நினைத்தோம்.
நட்டாற்றில் நிறுத்தச் சொன்னார் மன்சூர்,
நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொன்னார்.
எடுத்தேன்.
அசையாமல் ஒரு மூச்சு நின்றது,
பிறகு மாடு மாதிரி எழுந்து நடந்தது.

இரண்டு முப்பத்தைந்துக்கு முடிந்தது.
விரலை எச்சில் தொட்டு எண்ணியவர்
நாலாவது நோட்டில் நின்றார்.
"என்னம்மா, துட்டு இனிக்கி?"

நாங்குநேரியில் மன்சூரை பஸ் ஏற்றிவிட்டு
ஐம்பதுக்கு மேல் போகாமல் வந்தேன்.
கதவுக் கயிற்றை வலது கையால் ஓட்டியபடி
இடது கையில் பிடித்திருந்தேன்
காற்றாலைக் காட்டைத் தாண்டும்வரை.
மூணாம் கியர் சொன்னபடியே உதறியது.

திசையன்விளை தாண்டி தார் முடியும் இடத்தில்
இறங்கி லாக்கைத் திருகினேன்.
வலது சொடக்கென்று விழுந்தது.
இடது அசையவில்லை.
அவர் சொன்ன குறைகளில் இது கிடையாது.
இருட்டில் அந்தச் சக்கரத்தின் முன்னால்
அவரைப் போலவே நானும் குந்தியிருந்தேன்.

அடை நெம்பும் உளி சீட்டுக்கடியில் இருந்தது.
மூன்று தட்டு.
கம்பியைத் தள்ளினேன்.
மணலைத் தன் பக்கம் இழுத்தது முன்சக்கரம்.