போரிக் பவுடர்

இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், மேலே கேரம் போர்டு,
அதன்மேல் கம்பெனி கொடுத்த லேப்டாப்.
வலது மூலைப் பாக்கெட் வழியாக
சார்ஜர் ஒயர் இறங்குகிறது.
மவுஸ் தானாக வழுக்கிப் போகும்.
ஒன்பது வருஷத்துப் பவுடர்,
ஈரத்துணிக்கெல்லாம் மசியாது.

தெருக்குழாயில் முதலில் காற்று வரும்,
அப்புறம்தான் தண்ணீர்.
நாலரைக்கு அந்தச் சீறலில் எழுந்துவிடுவேன்.
எட்டுக் குடம், இரண்டு மாடி.
எட்டாவதில் இடுப்பு கேட்கும்,
இன்றைக்கு எத்தனை கிளெய்ம்?
நூற்றிப் பத்து.
ஒஹாயோவில் யாருக்கோ முழங்கால் மாற்றியிருக்கிறார்கள்.
அவர் முகம் தெரியாது, முட்டி தெரியும்.
அதற்கான எண்ணைத் தேடும்போது
குக்கர் மூன்றாவது விசிலா நான்காவதா
என்பது விட்டுப்போகிறது.

எட்வின் எண்ணூர் துறைமுக வாசலில்
டிரைலரோடு நிற்கிறான்.
நேற்று எழுபதாவது வண்டி, இன்று அறுபத்தி நாலாவது.
"வீட்லதான இருக்க,
அந்த இன்சூரன்ஸ் பேப்பர ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."
வீட்லதான இருக்க.
சிலிண்டர் போடுகிறவர் சொல்கிறார்.
எதிர்வீட்டுப் பார்சலை என் கையில் திணிக்கிற பையன் சொல்கிறான்.
ஆல்வினின் மிஸ் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்,
வீட்டிலிருக்கும் அம்மாக்கள்
நாளைக்குள் சூரியக் குடும்பம் செய்து அனுப்பவும்.
கீழ்வீட்டு பல்கீஸ் மட்டும்
படியில் நின்று கேட்பாள்: "துன்னியா?"
அதற்கும் ஒரு பொய் வைத்திருக்கிறேன்.

ஜோவிதா தூங்குகிற நாற்பது நிமிஷத்தில்
குளியல், சனி கிரகத்துக்கு வளையம்,
இரண்டு கிளெய்ம், மொட்டைமாடித் துணி.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
ஓடிப்போய் ஜன்னலைச் சாத்த வேண்டும்.
சாத்தினால் வேர்க்கும்.
ஃபேனைக் கூட்டினால் மீட்டிங்கில் இரைகிறது என்பார்கள்.
தேங்காய் அரைக்க மியூட்.
ஜோவிதா அழ மியூட்.
அந்த மிக்சி
வண்ணாரப்பேட்டை டோர்னமெண்டில் ஜெயித்தது.
ஃபைனலில் எதிரே உட்கார்ந்தவளின் பெயர் மறந்துவிட்டது,
அவள் விட்ட கடைசிக் காய் மறக்கவில்லை.

வியாழக்கிழமை, ஆடிட் கால்.
கேமரா போட்டே ஆகவேண்டும்.
நல்ல குர்தி, கீழே நைட்டி.
என் தப்புகளை ஒருவர் நிதானமாகப் படிக்கிறார்.
போர்டுக்கு அடியில் ஆல்வின்
வலைப்பைக்குள் விரல் விட்டு
ஒவ்வொரு காயாக எடுத்துத் தரையில் அடுக்குகிறான்.
பிறகு ஒரு சுண்டு.
பீரோவில் பட்டுத் தெறித்த சத்தம்
பதினாலு பேருக்கும் கேட்டிருக்கும்.
"எனி இஷ்யூ அட் யுவர் எண்ட்?"
பக்கத்தில் கட்டட வேலை சார் என்றேன்.
சொல்லிக்கொண்டே பார்த்தேன்,
அவன் கட்டைவிரலால் சுண்டுகிறான்.
யாரும் சொல்லித்தரவில்லை.
அதற்கப்புறம் ஆடிட்டர் சொன்ன எதுவும்
காதில் ஏறவில்லை.

ராத்திரி பன்னிரண்டே கால்.
தட்டுகள் தண்ணீரில் ஊறட்டும்.
மடிக்காத துணியைக் கட்டிலின் எட்வின் பக்கம் தள்ளினேன்,
இன்றைக்கும் அவன் வரப்போவதில்லை.
லேப்டாப்பைத் தூக்கிப் பாயில் வைத்தேன்.
அது இருந்த இடத்தில் கறுப்பாய் ஒரு சதுரம்.
பவுடர் தூவினேன், உள்ளங்கையால் தேய்த்தேன்.
பிள்ளைகள் எழுந்துவிடாதபடி
காய் பையில் விழும் மூலையில்
ஜோவிதாவின் சாக்ஸை அடைத்துவிட்டு
முதல் அடி.

கை மறக்கவில்லை.
மூன்று வெள்ளை. பிறகு சிவப்பு,
அதுவும் கட் ஷாட்டில்.
ஃபாலோ போடும்போதுதான்
பாலை ஃபிரிஜ்ஜில் வைத்தேனா என்று நினைத்தேன்.
தவறியது.
யார் பார்த்தார்கள்?
இருந்தாலும் சிவப்பை எடுத்து
நடுவில் வைத்தேன்.
போய்ப் பார்த்தால் பால் உள்ளேதான் இருந்தது.

குழாயில் காற்று வர
இன்னும் நாலு மணிநேரம்.
இன்னொரு போர்டு
ஆடலாம்.