நிகோரா இளவரசனின் முற்றுகை

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம்.
மின்சாரம் போய்விட்டது.
குப்தாரிக்குப் பிசைந்த மாவு இன்னும் உப்பவில்லை.
ஏழு விருந்தாளிகள்
ஈரக் காலுறைகளை அடுப்பைச் சுற்றி உலரவிட்டு
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அதில் ஒருத்தி, டச்சுக்காரி,
ஜன்னல் வழியே கைநீட்டிக் கேட்டாள்:
உங்கள் கோபுரத்தில் அந்த ஓட்டை எப்படி வந்தது?

பசித்தவர்களிடம் உண்மை எடுபடாது.
பீரங்கிக் குண்டு என்றேன்.

யாருடைய பீரங்கி?

அந்நேரம் பார்த்துக் கொட்டிலில் காளை செருமியது.
நெற்றியில் வெள்ளை விழுந்தது, பெயர் நிகோரா.
நிகோரா இளவரசன், என்றேன்.
அடிவாரத்துச் சீமையிலிருந்து வந்தான்.
நாற்பது நாள் முற்றுகை.
உள்ளே பதினொரு பேர், ஒரு ஆடு.
ஆடு எதற்கென்று எனக்கே தெரியாது,
வாயில் வந்தது.
ஆட்டைச் சொன்னதும் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

நடந்தது வேறு.
பனி உருகும் மாதம்.
என் கணவன் பிமூர்ஸாவின் சித்தப்பா மகன்
உருளைக்கிழங்கு ஏற்றிய காமாஸ் லாரியை
அச்சுவரை சேற்றில் இறக்கிவிட்டான்.
இருவர் வயிற்றிலும் சாராயம்.
இரும்புவடத்தைக் கோபுரத் துவாரத்தில் நுழைத்துக் கட்டி
வின்ச்சைச் சுழற்றினார்கள்.
லாரி அரைச் சாண் நகர்ந்தது.
அத்தனை பனிச்சரிவுக்கும் வாய் திறக்காத கோபுரம்
அன்றைக்கு ஒரு சொல் சொன்னது.
மூன்று கல்.
ஒன்று முட்டைக்கோஸ் பாத்தியில்,
ஒன்று கோழிக்கூண்டின் மேல்,
மூன்றாவது இன்றும் எங்கள் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

மறுவருஷம் தபாலில் ஒரு புத்தகம் வந்தது.
டச்சுக்காரி எழுதுகிறவளாம்.
எங்கள் ஊருக்கு நான்கு பக்கம்.
மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
'காலம் தொடாத கிராமம்.'
காலம் எங்களை மாதம் ஒருமுறை தொடுகிறது,
ஐந்தாம் தேதி, வங்கியிலிருந்து.
மூன்றாம் பக்கத்தில் இளவரசன் நிகோரா.
ஆட்டைக்கூட விடவில்லை.

அப்புறம் பலகை நட்டார்கள்.
மூன்று மொழி. எங்கள் ஸ்வான் பேச்சு அதில் இல்லை.
திபிலிசிக்காரர்கள் மட்டும் படித்துவிட்டுப் புருவம் தூக்குவார்கள்:
இது மாட்டுப் பெயராயிற்றே?
ஆமாம், என்பேன்,
முரட்டு வம்சம்.

கோபுரங்களைப் பழுதுபார்க்கப் பணம் வந்தபோது
ஓட்டையை அடைக்கச் சொன்னேன்.
உள்ளே குளிர்காலத்து வைக்கோல் இருக்கிறது,
சாரல் அடித்தால் பூஞ்சை பிடிக்கும்,
மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.
பொறியாளர் லாமாரா, மஞ்சள் தலைக்கவசம்,
அது போர்த்தழும்பு, தொடக்கூடாது என்றாள்.
லாரி, என்றேன்.
சித்தப்பா மகனையே இழுத்துவந்து சொல்லவைத்தேன்.
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
உருளைக்கிழங்கு எத்தனை கிலோ என்பது வரை சொன்னான்.
அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.
மலைக்காரர்கள் பெருமையை மறைப்பீர்கள்,
புத்தகத்திலேயே இருக்கிறது.
ஓட்டையின் விளிம்பு உதிராதபடி
சுண்ணாம்பு பூசிக்கொடுத்துப் போனாள்.
நல்ல வேலை. குறை சொல்வதற்கில்லை.

ஆகவே இரவானால் ஏறுகிறேன்.
நான்கு ஏணி, பல்லில் டார்ச்.
வெள்ளை பிளாஸ்டிக் சாக்கை உருட்டி ஓட்டையில் திணிக்கிறேன்.
விடிந்து, ஆற்றுவளைவில் முதல் ஜீப் உறுமும்போது
மறுபடி நான்கு ஏணி,
சாக்கைப் பிடுங்கி வைக்கோலுக்குள் ஒளிக்கிறேன்.
பிமூர்ஸா போர்வைக்குள்ளிருந்து கேட்பான்:
முற்றுகை முடிந்ததா?

நேற்று தூங்கிவிட்டேன்.
எட்டு மணிக்கு முற்றத்தில் பதினைந்து பேர்,
எல்லாக் கேமராவும் மேலே பார்க்க,
ஓட்டையிலிருந்து சாக்கு நழுவி
காற்றில் பாதி பறந்துகொண்டிருந்தது.
அது என்ன என்றார்கள்.
மாவுக்கையோடு நின்றேன்.
சமாதானக் கொடி, என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.
என் குரல்தான்.

அப்படியானால் சரணடைந்தது யார்?

கீழே பலகையின் காலில்
நிகோரா முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான்.
மூன்று மொழியும் ஆடியது.