209 முதல் 224 வரை

ஞாயிற்றுச் சந்தையில் எண்பது பேசோவுக்கு எடுத்த நாவல்,
துருப்பிடித்த குழாய்களுக்கும் முயல்கூண்டுக்கும் நடுவிலிருந்து.
இருநூற்றெட்டாம் பக்கத்தில் எதெல்வினா
அடுப்படியில் நிற்கிறாள், கையில் பால் பாத்திரம்.
புரட்டினால் இருநூற்று இருபத்தைந்து:
வேறு ஊர், வேறு மழை,
ஒரு தையல்கடையில் பொத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
நடுவில் பதினாறு பக்கம் காணோம்.
யாரும் கிழிக்கவில்லை. தைக்கும்போதே விட்டுவிட்டார்கள்.

நீபியா எனக்கு முன்பே படித்து முடித்தாள்,
மருந்துக்கடை இரவுப்பணியில், இரண்டு இருமல்களுக்கு இடையே.
நான் படித்தது பேருந்தின் கடைசி நிறுத்தத்தில்,
ஸ்டியரிங்மேல் சாய்த்துவைத்து,
பயணிகள் கண்ணாடியைத் தட்டும்வரை.

ஜூலை மாதம். மாண்டெவீடியோவின் கரையோரக் காற்று
நாய்களைப் பின்னோக்கி நடக்கவைக்கிற குளிர்காலம்.
அடுப்படியில் நாங்கள் இருவர்.
மாத்தே குடுவை அவள் கையிலிருந்து எனக்கு,
என் கையிலிருந்து அவளுக்கு.
எங்கள் ஊரில் ஒரு வழக்கம்:
குடுவையைத் திருப்பித் தரும்போது 'நன்றி' என்றால்
போதும் என்று பொருள்.
சொல்லாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

"எழுதியவன் சோம்பேறி" என்றேன்.
"ஐந்நூறு பக்கத்தில் நூறு பக்கம் வானிலை."
"உனக்கு மழை என்றால் வைப்பர் போடுவது, அவ்வளவுதான்.
அந்த மழை இல்லாவிட்டால் அவளால் அழவே முடியாது."
ஒப்புக்கொள்ள மனமில்லை. உறிஞ்சினேன். கசந்தது.

அந்தக் கணவனைப் பற்றி மட்டும் எங்களுக்கு ஒரே கருத்து:
மீசையைத் தவிர அவனிடம் ஒன்றுமில்லை.

பிறகு அந்தப் பதினாறு பக்கம்.
"சண்டை போட்டிருப்பாள்" என்றேன். "தட்டு உடைந்திருக்கும்.
கதவைத் திறந்துபோட்டுப் போயிருப்பாள்,
வந்துவிடுவாள் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று."

நீபியா சிரித்தாள். அவள் சிரிப்பு பாதி மூக்குவழி வரும்.
"ஆண்கள் எழுதினால்தான் தட்டு உடையும்.
போகிறவள் முதலில் பாலை மூடிவைப்பாள்.
எரிவாயுவைத் திருகுவாள்.
கொடியில் கிடக்கிற சட்டையை உள்ளே எடுத்துப்போடுவாள்,
மழைக்காலம் இல்லையா.
மாத்திரையை அவன் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பாள்.
அதற்கே நேரமாகிவிடும். சண்டைக்கு ஏது நேரம்?
பதினாறு பக்கம் போதவே போதாது."

உனக்கெப்படித் தெரியும் என்று கேட்க
வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

பதினொரு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை.
மேசை துடைத்திருந்தது. எரிவாயு மூடியிருந்தது.
என் நீலச் சட்டை நாற்காலி முதுகில்,
காலர் இன்னும் ஈரமாக.
இருபத்து மூன்று நாள் சால்ட்டோவில், தங்கை வீட்டில்.
திரும்பி வந்தபோது கையில் ஒரு பை ஆரஞ்சு.
உரித்துச் சாப்பிட்டோம். இனிப்பாயிருக்கிறது என்றேன்.
அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

"கடைசியில் ஏன் திரும்பி வந்தாள்?"
"யார்?"
"எதெல்வினா."
"அதுதான் புத்தகத்திலேயே இருக்கிறதே."
"எனக்கு நம்பிக்கை வரவில்லை."
"எனக்கும்தான்" என்றாள் நீபியா.
"பொத்தான் கடையில் நன்றாகத்தான் இருந்தாள்."

குடுவையை நீட்டினாள்.
தண்ணீர் ஆறிவிட்டது, இலை சாரமிழந்துவிட்டது.
இதற்கு முந்தைய சுற்றிலேயே நன்றி சொல்லியிருக்க வேண்டும்.
வாங்கிக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு அதே நாவல், அதே பச்சை அட்டை,
வேறொரு கடையில்.
நீபியாவின் விரல் புரட்டிக்கொண்டே போனது.
இருநூற்றெட்டு.
அதற்கடுத்து இருநூற்றொன்பது இருந்தது.
அவள் விரல் அங்கே நின்றது, தாளைத் திருப்பவில்லை.
அறுபது என்றான் கடைக்காரன். உடனே நாற்பது என்றான்.
"விலை அதிகம்" என்றாள்.
"ரொம்ப அதிகம்" என்றேன் நான்.

பதிலுக்கு ஒரு துப்பறியும் நாவல் வாங்கினோம்.
கொலைகாரன் யாரென்று
முதல் பக்கத்திலேயே பென்சிலில் எழுதிவைத்திருக்கிறான்
எவனோ ஒரு புண்ணியவான்.
பொய்யாக இருக்கும் என்கிறாள் நீபியா.
நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறோம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.