லாய், ஃபூ, தெ

நாற்பது பெட்டி லெஃப்ட் என்று
போலந்துக்காரர் எழுதியிருந்தார்.
கிடங்குக்குப் போய் இடப்பக்கம் பார்த்தேன்.
பிடி ஒடிந்த இரண்டு குடைகள்,
காவலாளி வளர்க்கும் பூனை.
அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

பதில் தட்டினேன்:
ஐயா, இடப்பக்கம் பெட்டி எதுவும் இல்லை.
வலப்பக்கமும் தேடிவிட்டேன். மன்னிக்கவும்.
மூன்று நாள் சத்தமில்லை.
நான்காம் நாள்
சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று மட்டும் வந்தது.

அதன் பிறகுதான்
யீவூ சந்தையின் இரவு வகுப்பில் சேர்ந்தேன்.
பொத்தான் விற்பவர்கள், ஜிப் விற்பவர்கள்,
கிறிஸ்துமஸ் தாத்தாவை டஜன் டஜனாக விற்றும்
அவர் யாரென்று கேட்காதவர்கள்.
ஆசிரியை என்னைவிட ஒன்பது வயது சின்னவள்;
சாக்பீஸ் தூசிக்குத் தும்முவாள்.

பலகையில் அந்தச் சொல்லை எழுதி
அடியில் நம் எழுத்தில் மூன்று பொருள் போட்டாள்:
இடது.
கிளம்பிப் போனது.
மிஞ்சியது.

"ஒரு கடைக்கு மூன்று வாடகையா?"
பின் வரிசையிலிருந்து ஹேர் கிளிப் சுய் கத்தினார்.
எல்லோரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் முன்பே நிறுத்திவிட்டேன்.

வாயில் நுழையாத ஒலியை
தெரிந்த எழுத்துகளால் பிடித்துக் கட்டுவது எங்கள் பழக்கம்.
நோட்டில் எழுதினேன்: லாய், ஃபூ, தெ.
லாய் என்றால் வா.
ஃபூ என்றால் பாக்கியம்.
தெ சும்மா, வால் மாதிரி.
பாக்கியமே வா என்று எழுதிவிட்டு
பக்கத்தில் பொருள் எழுதினேன்:
போய்விட்டான்.

"பலகையில் 'அவன்' இல்லையே" என்றாள் ஆசிரியை,
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.
அழித்தேன். ரப்பர் தேய்த்த இடம் அழுக்கானது.

தாவ்லின் லுவாண்டாவுக்குச் சாலை போடப் போனான்.
முதல் வருடம் சிவப்பு மண்ணைப் படம் பிடித்து அனுப்பினான்,
இரண்டாம் வருடம் பணம் மட்டும்.
இப்போது அந்த எண்ணுக்கு அடித்தால்
ஷாவ்ஷிங்கில் ஒரு மெத்தைக் கடைக்காரர் எடுக்கிறார்.
இரண்டு முறை பேசியிருக்கிறேன்.
நல்ல மனிதர். தள்ளுபடி தருவதாகச் சொன்னார்.

மகனுக்கு இடக்கை.
பள்ளியில் பென்சிலை வலக்கைக்கு மாற்றி வைக்கிறார்கள்.
வாங்கிக்கொள்கிறான்,
அவர்கள் முதுகு திரும்பும்வரை.
அப்பனும் அப்படித்தான்,
இடக்கையால் சாப்பிடுவான், இடக்கையால் கையசைப்பான்.
விமான நிலையக் கண்ணாடிக்கு அப்பால் அது வலதாகத் தெரிந்ததா
என்று ஒரு இரவு முழுக்க யோசித்திருக்கிறேன்.
கண்ணாடி அப்படி மாற்றாது. ஜன்னல் தானே அது.

வீட்டுப்பாடம்: மூன்று பொருளும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.
சட்டியில் சோறு அடிப்பிடிக்கும்வரை எழுதினேன்.
இடக்கையன் போனான், இடக்கையன் மிஞ்சினான்.
ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால்
அந்தச் சொல்லே நான்கு முறை வந்தது,
யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

ஆசிரியை சிவப்பு மையில் சரி போட்டாள்.
இடக்கைக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு வேண்டும் என்றாள்.
இரண்டு இடத்திலும் போட்டுக் கொடுத்தாள்.
அப்புறம் தும்மினாள், அல்லது தும்முவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று காலை போலந்திலிருந்து:
நோ பாக்சஸ் லெஃப்ட்.
புரிந்தது. விற்றுத் தீர்ந்துவிட்டது,
அறுபது பெட்டி அனுப்பச் சொல்கிறார்.
சுய்யிடம் தம்பட்டம் அடித்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனாலும் கிடங்கைத் திறந்ததும்
இடப்பக்கம் ஒருமுறை பார்த்தேன்.
குடைகளை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.
பூனை இருந்தது.